முன்னால் போனது இறங்கிடுச்சு, நாம மட்டும் ஏன் மேலே ஏறினோம்?

சன்னலோர_சீட்

போன வாரம் நடந்தது. சாயங்காலம், இறங்க வேண்டிய ஊரைச் சுற்றி இடிமேகம். சக்கரம் இறங்கிவிட்டது. கீழே சாலையில் போகிற வண்டிகளின் விளக்குகூடத் தெரிந்தது. இன்னும் அரை நிமிடத்தில் தரை என்று நினைத்த நேரத்தில் இன்ஜின் அலறியது. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது, விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டது. அடுத்த ஐந்தாறு நிமிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் கேப்டன், "ஓடுபாதைப் பக்கம் காற்று சரியில்லை, கொஞ்சம் காத்திருந்து மறுபடி வருவோம்" என்றார். சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் நல்லபடியாக இறங்கினோம்.

வீட்டுக்கு வந்து டிராக்கிங் செயலியில் பார்த்தால், எங்களுக்குச் சில நிமிடம் முன்னால் போன விமானம் அதே ஓடுபாதையில் ஒரு பிரச்சினையும் இல்லாமல் இறங்கியிருக்கிறது. பக்கத்து சீட்டுக்காரர் அப்போதே சொன்னார், "பைலட் சின்னப் பையன், பயந்துட்டான்" என்று. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவ்வளவு கிட்டே வந்துவிட்டு ஏறுவதை விட, இறங்கிவிடுவதுதானே பத்திரம்?

பறக்கப்பயம்

இதைப் படிக்கும்போதே கை வேர்க்குது. பதில் வர்ற வரைக்கும் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்.

நாலுபட்டை

பக்கத்து சீட்டுக்காரரை விட்டுத்தள்ளுங்கள். நான் ஓய்வு பெற்ற விமானி. உங்கள் கேப்டன் செய்ததற்கு நான் கைதட்டுவேன்.

"முன்னால் போனவர் இறங்கிவிட்டார்" என்ற நினைப்பு எங்கள் தொழிலில் நிறையப் பேரைக் கொன்றிருக்கிறது. 1985 ஆகஸ்ட் 2, டல்லாஸ்-ஃபோர்ட் வொர்த். ஓடுபாதைக்கு நேர் வடக்கே ஒரு மழைத்தாரை. முன்னால் போன லியர்ஜெட் என்ற சின்ன ஜெட் அதற்குள் புகுந்து இறங்கிவிட்டது. பின்னால் வந்தது டெல்டா 191, பெரிய ட்ரைஸ்டார் விமானம். அதே தாரைக்குள் போனது, ஓடுபாதையை எட்டவே இல்லை. தரையில் காரில் போய்க்கொண்டிருந்தவரையும் சேர்த்து 137 பேர் போனார்கள். மேகத்துக்குள் மின்னல் அடிப்பதை விமானிகள் பார்த்திருந்தார்கள். பார்த்தும் அணுகுமுகத்தைத் (ஓடுபாதையை நோக்கி இறங்கி வருவதை) தொடர்ந்தார்கள் என்பதை விசாரணை அறிக்கை காரணங்களில் முதலாவதாக வைத்தது.

1994 ஜூலை 2, அமெரிக்காவின் ஷார்லட். யுஎஸ்ஏர் 1016. முன்னால் போனவர்களுக்கு எப்படி இருந்தது என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்தைக் கேட்டார்கள். ஆட்டமே இல்லை என்று பதில் வந்தது. முன்னவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் போனபோது அப்படித்தான் இருந்தது. டிசி-9 விமானம், 57 பேரில் 37 பேர் இறந்தார்கள்.

சில நிமிடம் என்கிறீர்கள். இடிமேகத்துக்கு அது நீண்ட நேரம்.

கார்முகில்

கேப்டன் சார் கதையைச் சொல்லிட்டார், வானிலைப் பக்கத்தை நான் எடுத்துக்கறேன். ரொம்ப நாளாச்சு இந்த மாதிரி ஒரு இழை வந்து!

வில்லன் பேரு மைக்ரோபர்ஸ்ட். இடிமேகத்துக்குள்ள மழைத்துளியும் ஆலங்கட்டியும் விழும்போது சுத்தி இருக்கிற காத்தையும் சேர்த்துக் கீழே இழுக்கும். துளி ஆவியாகும்போது அந்தக் காத்து குளிர்ந்து இன்னும் கனமாகும், இன்னும் வேகமா விழும். தரையில மோதினதும் வேற வழியில்லை, குடத்துத் தண்ணியைத் தரையில கவிழ்த்த மாதிரி நாலாபக்கமும் சிதறி ஓடும். அகலம் நாலு கிலோமீட்டருக்குள்ள. ஆயுசு அஞ்சுல இருந்து பதினஞ்சு நிமிஷம். அதுலயும் உக்கிரமா இருக்கிறது ரெண்டு, மூணு நிமிஷம்தான். அதனாலதான் முன்னால போனவருக்கு ஒண்ணும் தெரியாது, நமக்குப் பின்னால வர்றவருக்கும் ஒண்ணும் தெரியாது, நடுவுல போற நாம மாட்டுவோம்.

இப்படி ஒண்ணு இருக்குன்னு கண்டுபிடிச்சவர் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் டெட் புஜிட்டா. டொர்னேடோ சுழல்காத்துக்கு அளவுகோல் வகுத்த அதே புஜிட்டாதான். 1975 ஜூன் 24 அன்னைக்கு நியூயார்க் கென்னடி விமான நிலையத்துல ஈஸ்டர்ன் 66 விழுந்தது, 113 பேர் இறந்தாங்க. அதை ஆராயப் போய்த்தான் இந்த முடிவுக்கு வந்தார். இவ்வளவு சின்ன இடத்துல இவ்வளவு வேகமான கீழ்க்காத்து தரை வரைக்கும் வருமான்னு சக வானிலைக்காரங்களே நம்பலை. 1978, 1982ல களத்துல டாப்ளர் ரேடார் (காத்து நகர்ற வேகத்தையும் காட்டறது) வச்சு அளந்த பிறகுதான் வாயடைச்சாங்க. 1982 ஜூலையில பான் ஆம் 759 நியூ ஓர்லியன்ஸ்ல கிளம்பும்போதே மைக்ரோபர்ஸ்ட்ல மாட்டி விழுந்தது. 153 பேர், அதுல எட்டுப் பேர் கீழே வீடுகள்ல இருந்தவங்க.

கோபுரத்தான்

ஈஸ்டர்ன் 66 பற்றி ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் அது கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கும் பாடம். அன்று அந்த விமானத்துக்கு முன்னால் வந்த சரக்கு விமானம் ஒன்று தட்டுத்தடுமாறி இறங்கிவிட்டு, ஓடுபாதையை மாற்றச் சொல்லியே கேட்டது. அடுத்து வந்த ட்ரைஸ்டார் இறங்காமல் மேலே ஏறிப் போய்விட்டது. அதற்குப் பிறகும் அதே ஓடுபாதைதான் பயன்பாட்டில் இருந்தது. வேறு விமானங்கள் இறங்கவும் செய்தன. ஓடுபாதையை மாற்றாமல் விட்டதில் கட்டுப்பாட்டாளர்களுக்கும் விமானிகளுக்கும் பங்கு உண்டு என்று அறிக்கை எழுதியது.

சன்னலோர_சீட்

நன்றி. ஆனால் இன்னும் ஒன்று புரியவில்லை. பலமான காற்று என்றால் விமானம் ஆடும், அவ்வளவுதானே? ஏன் விழ வேண்டும்? ஜெட் விமானம் மணிக்கு எத்தனையோ கிலோமீட்டர் வேகத்தில் போகிறதே.

கார்முகில்

விமானத்தைத் தூக்கி நிறுத்துறது தரையைப் பொறுத்த வேகம் இல்லை, இறக்கையைத் தொட்டுப் போற காத்தோட வேகம். கணக்குப் போட்டுக் காட்டறேன், எண்ணெல்லாம் சும்மா உதாரணத்துக்கு.

காத்தே இல்லாத நேரம், 140 நாட் (மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டர்) வேகத்துல இறங்கிட்டு இருக்கோம். மைக்ரோபர்ஸ்ட் விளிம்புக்குள்ள நுழைஞ்சதும் 25 நாட் எதிர்க்காத்து. கருவியில வேகம் 165ன்னு ஏறும். விமானம் தானா மேலே மிதக்கும். பார்க்க நல்ல சேதி மாதிரி இருக்கும்! வேகம் அதிகமாச்சேன்னு விமானியோ, விசையைத் தானா மாத்தற ஆட்டோ த்ரஸ்ட்டோ இன்ஜினைக் குறைக்கும். 140க்குத் திரும்பும். அந்த நேரத்துல நடுப்பகுதிக்கு வருவோம், காத்து மேலிருந்து கீழே அமுக்கும். அடுத்து மறுபக்கம், அதே 25 நாட் இப்ப முதுகுப் பக்கமா வரும். இருந்த எதிர்க்காத்து 25ம் போய், இந்த 25ம் சேர்ந்து, 140ல இருந்து 50 போனா 90. ஸ்டால் ஆகிற (இறக்கை தூக்க முடியாமப் போற) வேகம் 115 பக்கம்னு வச்சுக்கங்க. இன்ஜின் வேற குறைஞ்சு கிடக்கு, தரை நானூறு அடியில.

இது எல்லாம் அரை நிமிஷக் கூத்து.

பறக்கப்பயம்

இன்ஜினை உடனே கூட்டிடலாமே?

நாலுபட்டை

கூட்டலாம். ஆனால் ஜெட் இன்ஜின் கார் மாதிரி உடனே கேட்காது. தணிந்த நிலையிலிருந்து முழு விசைக்கு வர எட்டு விநாடி வரை ஆகலாம். விமானத்துக்குச் சான்றிதழ் தரும் விதிகளே அந்த எட்டு விநாடியைக் கணக்கில் வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. சாதாரணமாக இறங்கும்போது நிமிடத்துக்கு 700 அடி கீழே வருகிறோம். முந்நூறு அடியில் இருந்தால் தரைக்கு இருபத்தைந்து விநாடி. காற்று அமுக்கினால் அதிலும் பாதிதான்.

அதனால் கார்முகில் சொன்ன அந்த "நல்ல சேதி" கட்டத்திலேயே சந்தேகப்பட வேண்டும். வேகம் காரணமில்லாமல் 15 நாட் கூடுகிறதா? இன்ஜின் வழக்கத்தை விடத் தணிந்து கிடக்கிறதா? அப்போதே கிளம்பிவிட வேண்டும். வேகம் குறையும் வரை காத்திருப்பவர் தாமதித்துவிட்டார். சன்னலோர சீட்டுக்காரரே, உங்கள் விமானம் ஏறியபோது உங்களுக்கு ஆட்டம் ஒன்றும் தெரியவில்லை, அதனால்தான் குழப்பமாக இருக்கிறது என்று ஊகிக்கிறேன். ஆட்டம் தெரிவதற்கு முன்னால் ஏறுவதுதான் சரி.

சிமுலேட்டர்_பையன்

நான் பயிற்சியில் இருக்கிறேன், டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட விமான வகைக்கான பயிற்சி) இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஒரு சந்தேகம் சார். சாதாரண கோ-அரவுண்ட் (இறங்காமல் மேலே ஏறிப் போவது) என்றால் டோகா பட்டன் (இன்ஜினுக்கு ஏறும் விசை தருவது), மூக்கு மேலே, ஃப்ளாப் (இறக்கையின் மடல்) ஒரு படி உள்ளே, ஏறுவது உறுதியானதும் சக்கரம் உள்ளே. விண்ட் ஷியருக்கும் (காற்றின் வேகமோ திசையோ திடீரென மாறுவது) அதே வரிசைதானா? புத்தகத்தில் "எதையும் தொடாதே" என்று இருக்கிறது. சக்கரத்தை உள்ளே இழுத்தால் இழுவை குறையுமே, ஏன் கூடாது?

நாலுபட்டை

நல்ல கேள்வி, தம்பி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

இரண்டும் வேறு வேறு. விண்ட் ஷியர் இன்னும் முன்னால்தான் இருக்கிறது, நாம் அதற்குள் நுழையவில்லை என்றால் சாதாரண கோ-அரவுண்ட். ரேடார் முன்கூட்டியே பார்த்து "கோ அரவுண்ட், விண்ட்ஷியர் அஹெட்" என்று பெண் குரலிலோ ஆண் குரலிலோ கத்தும். அப்போது நேரம் இருக்கிறது, வழக்கமான வரிசையில் போகலாம்.

ஆனால் "விண்ட்ஷியர், விண்ட்ஷியர், விண்ட்ஷியர்" என்று மூன்று முறை வந்தால் நாம் அதற்குள்ளேயே இருக்கிறோம் என்று அர்த்தம். அது தப்பிக்கும் உத்தி, இறங்குவதா ஏறுவதா என்ற பேச்சே இல்லை. முழு விசை. இறக்கை சமநிலை. மூக்கு போயிங்கில் 15 டிகிரி, ஏர்பஸ்ஸில் 17.5 டிகிரி, பிறகு திரை காட்டுகிறபடி. ஸ்டிக் ஷேக்கர் (ஸ்டால் நெருங்கினால் கைப்பிடியை உதறும் எச்சரிக்கை) உதறினால் மட்டும் கொஞ்சம் தளர்த்து. சக்கரத்தையும் ஃப்ளாப்பையும் தொடாதே. காரணம் கேட்டாயே, சக்கரம் உள்ளே போக முதலில் அதன் கதவுகள் திறக்க வேண்டும், அந்தச் சில விநாடி இழுவை கூடும். ஃப்ளாப்பை உள்ளே இழுத்தால் இறக்கையின் தூக்குவிசை குறையும். விநாடிக் கணக்கில் உயிர் இருக்கும்போது இரண்டுமே வேண்டாத செலவு. அதோடு ஒரு மனிதக் காரணமும் உண்டு. கை அங்கே இங்கே போனால் கண் வேகத்தையும் மூக்கின் கோணத்தையும் விட்டுவிடும்.

ஷார்லட்டில் நடந்ததைப் பார். கேப்டன் மேலே ஏறச் சொல்லிவிட்டார், அது சரியான முடிவு. மூக்கு முதலில் 15 டிகிரிக்குப் போனது. ஆனால் அது விண்ட் ஷியர் என்று அவர்களுக்குத் தெரியவில்லை, எச்சரிக்கைக் கருவி சத்தம் போடவில்லை. ஏன் தெரியுமா? ஃப்ளாப் நகர்ந்துகொண்டிருக்கும்போது அந்தக் கருவியின் மென்பொருள் எச்சரிக்கையை அடக்கி வைத்திருந்தது. பலத்த மழை, வெளியே ஒன்றும் தெரியாது. மூக்கைக் கீழே தள்ளச் சொல்லி கேப்டனே உத்தரவிட்டார். அடிவானத்துக்கு 5 டிகிரி கீழே போனது. திரும்ப இழுக்க உயரம் இல்லை. மேலே ஏற முடிவெடுப்பது ஒன்று, ஏறுவது வேறு.

சிமுலேட்டர்_பையன்

நன்றி சார். எச்சரிக்கை அடக்கி வைக்கப்பட்டிருந்தது என்பது எனக்குப் புதுச் செய்தி. குறித்துக்கொண்டேன்.

கணக்குப்பிள்ளை

எல்லாரும் விமானியைத் தெய்வமாக்குகிறீர்கள். நான் கேட்கிறேன், இடிமேகம் சுற்றி நிற்கிறது என்று தெரிந்தும் ஏன் உள்ளே வருகிறார்கள்? கிளம்பும்போதே வானிலை அறிக்கை கையில் இருக்கிறது. வேறு ஊருக்குப் போனால் எரிபொருள், பயணிகளுக்கு ஓட்டல், அடுத்த நாள் அட்டவணை எல்லாம் செலவு. அதனால் "ஒரு முயற்சி பார்த்துடுவோம்" என்று வருகிறார்கள். கடைசி நிமிடத்தில் ஏறிவிட்டால் நாம் கைதட்ட வேண்டுமாம்.

எண் வேண்டுமா? ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் ஆராய்ந்து சொன்னது இது. அணுகுமுகம் நிலையாக இல்லாதபோது, அதாவது வேகம், உயரம், இறங்கும் வீதம் ஏதோ ஒன்று வரம்பைத் தாண்டியிருக்கும்போது, மேலே ஏற வேண்டும் என்பது விதி. அப்படிப்பட்ட நேரங்களில் உண்மையில் ஏறுகிறவர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பேர். மீதி 97 பேர் இறங்கிவிடுகிறார்கள். ஏன்? ஏறினால் கேள்வி வரும்.

கோபுரத்தான்

அண்ணே, அந்த 97 சரியான எண்தான். ஆனால் காரணம் நீங்கள் சொல்கிற ஒன்று மட்டும் இல்லை. இப்போது பெரும்பாலான நிறுவனங்களில் கோ-அரவுண்ட் செய்தவரைத் தண்டிக்கக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் எண் பெரிதாக மாறவில்லை. இறங்கிவிட முடியும் என்ற நம்பிக்கைதான் காரணம், பெரும்பாலும் இறங்கியும் விடுகிறார்கள். அந்தப் "பெரும்பாலும்"தான் அடுத்த முறையும் இழுத்துக்கொண்டு போகிறது.

கணக்குப்பிள்ளை

எழுதி வைத்திருப்பதும் நடப்பதும் ஒன்றா? சரி, விடுங்கள். 1999 ஜூன் 1, லிட்டில் ராக், அமெரிக்கன் 1420. நீண்ட பணி நாளின் முடிவு, இடிமழை ஓடுபாதை மேலேயே. அவசரத்தில் ஸ்பாய்லரை (தரை தொட்டதும் இறக்கை மேல் எழுந்து தூக்குவிசையைக் குறைக்கும் தகடு) தயார் நிலையில் வைக்க மறந்தார்கள். ஓடுபாதையைத் தாண்டிப் போய் கேப்டன் உட்பட 11 பேர் இறந்தார்கள். அதே இடத்தில் மேலே ஏறியிருந்தால்? அட்டவணை அழுத்தம் இல்லை என்று சொல்லாதீர்கள்.

நாலுபட்டை

அழுத்தம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. நானே அனுபவித்திருக்கிறேன். ஆனால் அழுத்தம் எப்போதும் மேலதிகாரியிடமிருந்து வராது. பணி நேரம் முடியப் போகிறது, பின்னால் 180 பேர், ஓடுபாதை கண்ணுக்குத் தெரிகிறது. அதைப் பார்த்துவிட்டால் மனம் விடாது.

அதனால்தான் முடிவை முன்கூட்டியே எடுத்து வைக்கச் சொல்வேன். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே, உயரத்தில் அமைதியாக இருக்கும்போதே பேசிவிட வேண்டும். எந்தப் பக்கம் மேகம் இல்லை, ஏறினால் எந்தத் திசையில் திரும்புவது, எத்தனை கிலோ எரிபொருள் வரை காத்திருப்பது, அதற்குக் கீழே போனால் எந்த ஊர். ஐந்நூறு அடியில் மழைக்குள் அதை யோசிக்க மூளை மிச்சம் இருக்காது. ஏறும் திசை மிக முக்கியம். வரைபடத்தில் போட்டிருக்கும் பாதை நேராக இன்னொரு இடிமேகத்துக்குள் போகலாம். அப்படியென்றால் முன்பே கோபுரத்திடம் வேறு பாதை கேட்டு வைக்க வேண்டும்.

எரிபொருள் பற்றி: போகும் ஊருக்கு, அங்கே இறங்க முடியாவிட்டால் மாற்று ஊருக்கு, எதிர்பாராததற்கு, இவை எல்லாம் போக அரை மணி நேரம் வட்டமடிக்கக் கடைசி இருப்பு. இது குறைந்தபட்சம். மழைக்காலத்தில் கேப்டன் கூடுதலாகக் கேட்டு வாங்கலாம். கேட்பதற்கு அவருக்கு உரிமை உண்டு, காரணம் சொல்ல வேண்டிய நிறுவனங்களும் உண்டு என்பதையும் கணக்குப்பிள்ளைக்காக ஒத்துக்கொள்கிறேன்.

பறக்கப்பயம்

அப்ப மேலே ஏறிட்டா கண்டம் தாண்டியாச்சுன்னு நிம்மதியா இருக்கலாமா? அது மட்டும் சொல்லுங்க.

கார்முகில்

நூத்துக்கு நூறு ஆமாம்னு சொல்ல ஆசைதான்…

நாலுபட்டை

பெரும்பாலும் ஆமாம். விமானம் அதற்காகவே கட்டப்பட்டது, ஒரு இன்ஜின் நின்றுபோனால்கூட ஏறும். ஆயிரம் அணுகுமுகத்தில் ஒன்று முதல் மூன்று இப்படி முடிகின்றன, நீங்கள் செய்தியில் படிப்பதே இல்லை.

ஆனால் பயிற்சிக்காரத் தம்பி இருப்பதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். பயந்த அம்மா இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். 2007 செப்டம்பர் 16, தாய்லாந்தின் ஃபூக்கெட், ஒன்-டூ-கோ 269. மழை, மாறிமாறி அடிக்கும் காற்று. மேலே ஏற முடிவெடுத்தார்கள், ஆனால் டோகா பட்டனை அழுத்தவில்லை. விசைக் கட்டுப்பாடு தானாக இன்ஜினைக் குறைத்தது, பல விநாடிகள் யாரும் கவனிக்கவில்லை. 90 பேர். 2016 மார்ச் 19, ரஷ்யாவின் ரோஸ்தோவ், ஃபிளைதுபாய் 981. விண்ட் ஷியர் எச்சரிக்கை வந்ததும் முதல் முறை அழகாக ஏறினார்கள். சுமார் இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். அதிகாலை இருட்டு, மேகம். இரண்டாம் முறையும் ஏற வேண்டி வந்தது. எரிபொருள் செலவாகி விமானம் இலேசாகிவிட்டது, முழு விசை கொடுத்ததும் பாய்ந்தது. அந்த வேகமாற்றத்தில் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு மூக்கு வானத்தைப் பார்க்கிறது என்று பொய் சொல்லும். விமானி கீழே தள்ளினார். 62 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை.

அதனால்தான் தம்பி, ஏறும்போது உடம்பு சொல்வதை நம்பாதே, கருவியை நம்பு.

பறக்கப்பயம்

தாண்டிப் போகச் சொன்னதால படிச்சிட்டேன். சரி.

சன்னலோர_சீட்

ஐந்தாறு நிமிடம் கேப்டன் பேசாமல் இருந்ததற்குக் காரணம் இப்போது தெரிகிறது. ஆனாலும் ஒரு வரி சொல்லியிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. கேபினில் ஒரு குழந்தை அழுதுகொண்டே இருந்தது, பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கோபுரத்தான்

அந்த ஐந்து நிமிடத்தில் அவர்களோடு பேசிக்கொண்டிருந்தது எங்களைப் போன்றவர்கள்தான். முதலில் விமானத்தைப் பறக்க வை, பிறகு எங்கே போகிறாய் என்று பார், கடைசியில் பேசு. எங்களுக்கே மூன்றாவது இடம், பயணிகளுக்கு நான்காவது.

எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஒருவர் ஏறியதும் அவர் சொல்லும் விவரம்தான் தங்கம்: "நானூறு அடியில் பதினைந்து நாட் இழந்தோம்" என்று உயரத்தோடு அளவோடு சொன்னால் பின்னால் வருகிறவருக்கு அப்படியே கடத்துவோம். "காற்று மோசம்" என்று மட்டும் சொன்னால் அதை வைத்து அவர் என்ன செய்வார்? விண்ட் ஷியர் தப்பிக்கும் உத்தியில் இருப்பதாக ஒருவர் சொல்லிவிட்டால், முடிந்தது என்று அவரே சொல்லும் வரை அதற்கு முரணாகத் திசையோ உயரமோ சொல்ல மாட்டோம். மற்ற விமானங்களை நகர்த்துவது எங்கள் பாடு.

மக்கள் நினைப்பது போல "இறங்காதே" என்று நாங்கள் தடுப்பதில்லை. காற்றைச் சொல்வோம், எச்சரிக்கையைச் சொல்வோம். முடிவு கேப்டனுடையது.

கணக்குப்பிள்ளை

அதுதான் எனக்கு உறுத்துகிறது. கீழே இருப்பவருக்கு ரேடார் முழுவதும் தெரிகிறது, மேலே இருப்பவருக்குத் தன் மூக்குக்கு நேரே மட்டும். முடிவு ஏன் மேலே?

கார்முகில்

கீழேயும் எல்லாம் தெரியறதில்லை, அண்ணே. ஓடுபாதையைச் சுத்திக் காத்தளவி வச்சு ஒப்பிடுற முறை எழுபதுகளோட பிற்பகுதியில, ஈஸ்டர்ன் 66க்கு அப்புறம்தான் வந்தது. ஷார்லட், டல்லாஸ் மாதிரி விபத்துக்கள்ல அந்தக் காத்தளவிங்க போதலை. விமான நிலையத்துக்குன்னே டாப்ளர் ரேடார் தொண்ணூறுகள்லதான் அமெரிக்காவுல பரவுச்சு. அதுவும் எல்லா நாட்டுலயும், எல்லா நிலையத்துலயும் கிடையாது, விலை அப்படி. நாசா ஒரு போயிங் 737ஐ 1991, 92ல வேணும்னே மைக்ரோபர்ஸ்ட் பக்கம் ஓட்டிப் பார்த்துத்தான் விமானத்து மூக்குல இருக்கிற ரேடாரே முன்கூட்டிக் கண்டுபிடிக்கும்னு நிரூபிச்சாங்க.

அதுக்கும் ஓட்டை உண்டு. ரேடார் பார்க்கிறது காத்தை இல்லை, காத்துல போற துளியை. மழை தரைக்கு வர்றதுக்குள்ள ஆவியாகிட்டா வறண்ட மைக்ரோபர்ஸ்ட், துளியே இல்லை, ரேடாருக்கு எதிரொலி கம்மி. மேலே பார்த்தா மேகத்துக்கு அடியில தாடி மாதிரி ஒரு தொங்கல், கீழே புழுதி வட்டம், அவ்வளவுதான் அடையாளம். ஹாங்காங்ல 2002லேயே லேசர் கதிர் விட்டுத் தூசியை வச்சுக் காத்தை அளக்கிற லைடார் வச்சுட்டாங்க. அங்க பிரச்சினை பெரும்பாலும் இடிமேகம் இல்லை, மலையைத் தாண்டி வர்ற காத்து.

நாலுபட்டை

கணக்குப்பிள்ளை கேட்டதற்கு என் பதில்: எரிபொருள் எவ்வளவு, விமானம் எப்படிக் கேட்கிறது, துணைவிமானி எவ்வளவு களைத்திருக்கிறார் என்பதெல்லாம் கீழே தெரியாது. ஆனால் ஓடுபாதையையே கொஞ்ச நேரம் மூடும் அதிகாரம் கீழே இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. இதில் என் சக விமானிகள் பலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

இன்னொன்று யாரும் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அதுதான் அதிகம் கவலை. இரண்டாவது முயற்சி. முதல் முறை ஏறுவது சுலபம். இரண்டாம் முறை வரும்போது எரிபொருள் குறைந்திருக்கும், "இந்த முறை எப்படியும்" என்ற எண்ணம் உட்கார்ந்திருக்கும். 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. மழை, முதல் அணுகுமுகத்தைக் கைவிட்டு ஏறினார்கள். எதிர்ப்பக்க ஓடுபாதையில் வால்காற்றோடு வந்தார்கள், பாதி ஓடுபாதை போன பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. துணைவிமானி மேலே ஏறச் சொன்னதாகவே அறிக்கையில் இருக்கிறது. மேசை ஓடுபாதையின் (குன்றின் மேல் சமதளமாக அமைந்தது) விளிம்பைத் தாண்டி விழுந்தது, 21 பேர். பல நிறுவனங்கள் வானிலை தெளிவாக மாறாவிட்டால் இரண்டு முயற்சிக்கு மேல் கூடாது என்று வைத்திருப்பது இதற்காகத்தான். என் கருத்தில், மேகம் நகரவில்லை என்றால் இரண்டாவதுகூட வேண்டாம்.

சன்னலோர சீட்டுக்காரரே, உங்கள் கேப்டன் உடனே திரும்பி வராமல் சுற்றிக்கொண்டிருந்தார் பாருங்கள், அது மேகம் ஓடுபாதையை விட்டு விலகட்டும் என்றுதான். சும்மா வட்டமடித்ததாக நினைக்காதீர்கள்.

சிமுலேட்டர்_பையன்

சார், கடைசியாக ஒன்று. சக்கரம் தரையைத் தொட்ட பிறகும் ஏறலாமா? டொராண்டோவில் 2005இல் ஏர்பிரான்ஸ் 358 இடிமழையில் ஓடுபாதையைத் தாண்டிப் போய் எரிந்ததே, 309 பேரும் பிழைத்தார்கள். அங்கே தொட்ட பிறகு ஏறியிருக்க முடியாதா?

நாலுபட்டை

ரிவர்ஸ் த்ரஸ்ட்டை (இன்ஜின் விசையை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைப்பது) இழுக்காத வரை ஏறலாம். இழுத்துவிட்டால் நின்றே ஆக வேண்டும், ஏனென்றால் திறந்த ரிவர்ஸர் திரும்ப மூடாமல் போனால் அதோடு பறக்க முடியாது. டொராண்டோவில் அவர்கள் ஒன்பதாயிரம் அடி ஓடுபாதையில் ஏறத்தாழ 3,800 அடி தள்ளித் தொட்டார்கள். தொட்ட பிறகு என்ன செய்திருக்கலாம் என்பதை விட, ஓடுபாதைக்கு மேலே மிதந்துகொண்டிருந்தபோது என்ன செய்திருக்கலாம் என்று கேள். சிமுலேட்டரில் ஏறும்போது பயிற்றுநரிடம் இருபது அடியிலிருந்து ஒரு கோ-அரவுண்ட் கேட்டு வாங்கு. ஏறத் தொடங்கிய பிறகும் சக்கரம் ஒரு முறை தரையில் தட்டும். தட்டட்டும், விசையைக் குறைக்காதே.